விழி நடுக்கத்துக்கு ஐசிடி கோடு போடுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

வலங்கைமான் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள். பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். திருச்சியில் மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதிய நோய்க்கு ஐசிடி என்ற நோய்ப் பட்டியலில் உள்ள எண்ணைப் போடும் வேலை) படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கண், நரம்பு சார்ட்டுகளை, அதாவது டாக்டர் எழுதிய நோயாளிக் குறிப்புகளை, கையில் கொடுத்திருக்கிறார்கள். "அக்கா, நிஸ்டாக்மஸ்னு எங்க பாத்தாலும் எச்55.00 போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கேன். ஆடிட்ல வெட்டிக்கிட்டே இருக்காங்க. என்னதான் பண்றது?"

எங்கள் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளையாவது இப்படி அமெரிக்க சார்ட்டோடு உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கோடில் வரும் ஆங்கில எழுத்துகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். 'டி' என்று வந்தால் 'டி ஃபார் டாங்கோ' என்று படித்துக்கொள்ளுங்கள், டெல்டாவின் 'டி' அல்ல.

கண் என்ன செய்கிறது என்று முதலில் தெரியட்டும்

நிஸ்டாக்மஸ் என்றால் விழி தானாக, நிற்காமல், ஒரு தாளத்தில் ஆடுவது. விழி நடுக்கம் என்று சொல்லலாம். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குத் தூக்கத்தில் தலை ஆடி விழுவது என்று பொருள். கடைசி பஸ்ஸில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரும்போது முன் சீட்டுக்காரரைப் பாருங்கள். தலை மெல்ல மெல்லச் சாயும், சட்டென்று நிமிரும், மறுபடி மெல்லச் சாயும். ஜெர்க் நிஸ்டாக்மஸில் விழி செய்வதும் இதைத்தான். ஒரு பக்கம் மெதுவாக நழுவும், எதிர்ப் பக்கம் வெடுக்கென்று திரும்பும். டாக்டர் 'ரைட் பீட்டிங்' என்று எழுதினால் அந்த வெடுக் வலது பக்கம் என்று அர்த்தம். பெயர் வைப்பது வேகமான பக்கத்தை வைத்துத்தான். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில், தூளி ஆடுவது போல ஆடினால் பெண்டுலர்.

ஆடுகிற கண்ணெல்லாம் நோய்க் கண் அல்ல. ரயில் ஜன்னலில் கம்பங்களை வேடிக்கை பார்க்கிற பிள்ளையின் கண்ணை எதிரே உட்கார்ந்து கவனியுங்கள், இதே ஆட்டம் இருக்கும். அது இயல்பு. விழியைக் கடைசி ஓரம் வரை திருப்பச் சொன்னால் ஓரிரு துடிப்பு வருவதும் பலருக்கு இயல்பு. டாக்டரே 'ஃபிசியாலஜிக்' என்று எழுதியிருந்தால் அதற்குக் கோடு கிடையாது.

இன்னொன்று, நம் ஊரில் 'கண் துடிக்குது' என்பார்களே, வலதா இடதா என்று பார்த்து நல்லது கெட்டது சொல்வார்களே, அது இமைத் துடிப்பு. விழியோடு அதற்குச் சம்பந்தமில்லை. சார்ட்டில் 'ஐலிட் ட்விச்சிங்' என்று வந்தால் எச்55 பக்கமே போகாதீர்கள். இமை இறுகி மூடிக்கொள்கிற பிளெஃபரோஸ்பாசம் ஜி24.5, அது நரம்பு அத்தியாயத்தில் இருக்கிறது.

தண்ணீர் கடைமடை வரை போக வேண்டும்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால், கடைசியில் வயல் மடை. கல்லணை திறந்தாச்சு என்று பேப்பரில் போட்டால் மட்டும் வேதாரண்யம் பக்கத்துக்காரருக்கு நாற்று நட முடியாது. கடைமடைக்கு வந்ததா என்றுதான் கேட்பார். ஐசிடி-10-சிஎம் கோடும் அப்படித்தான். எச்00 முதல் எச்59 வரை கண் அத்தியாயம், அது பெரிய ஆறு. எச்55 என்பது 'நிஸ்டாக்மஸ் மற்றும் பிற ஒழுங்கற்ற விழி அசைவுகள்', அது கிளை. எச்55.0 நிஸ்டாக்மஸ், எச்55.8 மற்றவை, இரண்டும் வாய்க்கால்கள். இந்த இடத்தில் நிறுத்தி இன்ஷூரன்ஸுக்குக் கிளைம் அனுப்பினால் செல்லாத கோடு என்று திரும்பி வந்துவிடும். ஐந்தாவது இலக்கம் வரை போனால்தான் வயலுக்குத் தண்ணீர்.

அந்த வயல்கள் இவை. எச்55.00 வகை குறிப்பிடாத நிஸ்டாக்மஸ். எச்55.01 பிறவி நிஸ்டாக்மஸ். எச்55.02 லேட்டன்ட், அதாவது ஒரு கண்ணை மூடினால் மட்டும் வெளிப்படுவது. எச்55.03 பார்வைக் குறைவால் வருவது. எச்55.04 டிசோசியேட்டட், இரண்டு கண்ணும் வேறு வேறு மாதிரி ஆடுவது. எச்55.09 பிற வகைகள். அடுத்த வாய்க்காலில் எச்55.81 சக்காடிக் அசைவுக் குறைபாடு, அதாவது விழி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவதில் குறை. எச்55.82 ஸ்மூத் பர்சூட் குறைபாடு, நகர்கிற பொருளை வழுவழுவென்று பின்தொடர்வதில் குறை. எச்55.89 மற்றவை, விழி எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ளுகிற ஆப்சோக்ளோனியா இங்கேதான் வரும்.

வலது, இடது என்று பிரிவு இந்த எச்55-இல் கிடையாது. கண் கோடு என்றாலே பக்கம் தேடிப் பழகிய கை இங்கே தடுமாறும். தடுமாற வேண்டாம்.

இணையத்தில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் எச்55 மூன்று எழுத்தோடு முடிந்துவிடும், உட்பிரிவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு 'எச்55 போதுமே' என்று வாதாடிய ஃப்ரெஷரை நான் பார்த்திருக்கிறேன். நாம் போடுவது அமெரிக்காவுக்கான சிஎம் பதிப்பு, அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருப்பது.

.00-க்கும் .09-க்கும் உள்ள வித்தியாசம்

ஃப்ரெஷர் ஆடிட்டில் அதிகம் அடிவாங்குவது இங்கேதான். இரண்டும் 'தெரியாதது' போலத் தோன்றும். அப்படியல்ல. டாக்டர் வெறுமனே 'நிஸ்டாக்மஸ்' என்று எழுதி நிறுத்தினால் .00. வகையைச் சொல்லிவிட்டார், ஆனால் அந்த வகைக்கென்று புத்தகத்தில் தனிக் கோடு இல்லை என்றால் .09. 'டவுன்பீட்', 'அப்பீட்', 'சீ-சா', 'பீரியாடிக் ஆல்டர்னேட்டிங்', 'கேஸ்-எவோக்டு' (பார்வையை ஒரு பக்கம் திருப்பும்போது வருவது) எல்லாம் .09 பக்கம். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த 'மைனர்ஸ் நிஸ்டாக்மஸ்' கூட இண்டெக்ஸில், அதாவது புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலில், பெயரோடு .09-க்குத்தான் காட்டப்பட்டிருக்கிறது. டாக்டர் சொல்லாததால் .00, டாக்டர் சொல்லியும் புத்தகத்தில் இடமில்லாததால் .09. இதை ஸ்க்ரீன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சார்ட்டை எங்கிருந்து படிப்பது

மேலிருந்து கீழே ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகு நேராக டாக்டர் தன் முடிவை எழுதும் அசெஸ்மென்ட் அல்லது இம்ப்ரெஷன் பகுதிக்கு வாருங்கள். கோடு பிறக்கும் இடம் அதுதான். பரிசோதனைப் பகுதியில் 'நிஸ்டாக்மஸ்' என்ற சொல் இருந்தாலே கை தானாக எச்55-க்குப் போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பாதி சார்ட்டில் அது 'நோ நிஸ்டாக்மஸ்' என்று டெம்ப்ளேட்டில் தானாக விழுந்த வரி. மீதியில் அது டாக்டர் கண்டதே தவிர, முடிவு கட்டியது அல்ல.

என் கதையைச் சொல்கிறேன். சேர்ந்த புதிது. நோயாளிக்குத் தலைச்சுற்றல்; டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் வலது பக்கம் சாய்த்தபோது விழி ஆடியது என்று டாக்டர் விலாவாரியாக ஐந்து வரி எழுதியிருந்தார். இம்ப்ரெஷனில் 'வலது காது பிபிபிவி', அதாவது தலையை அசைக்கும்போது உள்காதால் வரும் தலைச்சுற்றல். நான் சந்தோஷமாக எச்55.00, எச்81.11, ஆர்42 மூன்றையும் வரிசையாகப் போட்டேன். நிறையக் கோடு போட்டால் நிறையப் புரிந்தது என்று அப்போது ஒரு நினைப்பு. ஆடிட் பார்த்த அக்கா கூப்பிட்டு, "ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு பாத்தியா, இல்ல கண்ணு என்ன சொல்லுச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டார். அந்த மாதக் குவாலிட்டி மதிப்பெண் 95-க்குக் கீழே போய் இன்சென்டிவ் போயிற்று.

அவர் கேட்டதன் அர்த்தம் இது. பிபிபிவி உள்ளவருக்கு அந்தச் சோதனையில் விழி ஆடுவது நோயின் வழக்கமான அடையாளம். வழக்கமாகக் கூடவே வரும் அறிகுறிக்குத் தனிக் கோடு போடக் கூடாது என்று வழிகாட்டு நெறியே சொல்கிறது. இண்டெக்ஸில் 'நிஸ்டாக்மஸ், பினைன் பராக்ஸிஸ்மல்' என்று தேடினாலும் 'வெர்டிகோவைப் பார்' என்று அங்கே அனுப்பிவிடும். ஆர்42-க்கு, அதாவது பொதுவான தலைச்சுற்றலுக்கு, எச்81 தொகுதியோடு எக்ஸ்க்ளூட்ஸ் 1 இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. ஆக அந்த சார்ட்டுக்கு எச்81.11 ஒன்றே போதும். இடது காது என்றால் .12, இரண்டும் என்றால் .13, பக்கம் சொல்லாவிட்டால் .10. 'சென்ட்ரல் பொசிஷனல் நிஸ்டாக்மஸ்' என்று டாக்டர் எழுதினால் அது எச்81.4. பெயரில் நிஸ்டாக்மஸ் இருந்தும் எச்55 வீட்டில் இல்லாத பிள்ளை அது.

இதையே திருப்பிப் போட்டால் அடுத்த பாடம். காரணம் இன்னும் உறுதியாகாதபோது விழி நடுக்கம்தான் நம் கோடு. வெளிநோயாளி சார்ட்டில் 'டவுன்பீட் நிஸ்டாக்மஸ், ரூல் அவுட் கியாரி, எம்ஆர்ஐ எழுதியிருக்கிறேன்' என்று இருந்தால் கியாரிக்கு (சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கியிருக்கும் குறை) கோடு போடாதீர்கள். 'ரூல் அவுட்', 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்', 'கன்சிஸ்டன்ட் வித்' எல்லாம் வெளிநோயாளி பக்கத்தில் கோடு ஆகாத சொற்கள். எச்55.09 மட்டும். சந்தேகத்தைக் கோடாக்கிவிட்டால் அந்த நோயாளியின் ஆவணத்தில் இல்லாத நோய் ஏறிவிடும். பின்னால் இன்ஷூரன்ஸில் அவதிப்படப் போவது அவர். உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் மட்டும் விதி வேறு. அங்கே டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'ப்ராபபிள்' என்றே நின்றால், அந்த நோய் இருப்பதாகவே கோடு போடலாம். எந்தப் பக்கத்து சார்ட் என்று முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸில் கண்டுபிடித்த எண்ணை அப்படியே போட்டுவிடாமல் டாபுலர் லிஸ்ட்டில், அதாவது எண் வரிசைப் பட்டியலில், போய்ச் சரிபாருங்கள். கோடு தேடித் தரும் என்கோடர் சாஃப்ட்வேர் இருந்தாலும் சரி. தேடு பெட்டியில் முதலில் வந்ததைக் க்ளிக் செய்து பழகியவர்கள் பல வருஷம் ஆகியும் அடிக்குறிப்பு படிக்க மாட்டார்கள்.

கூட என்ன போடுவது

மாறுகண்ணும் விழி நடுக்கமும் ஒரே குழந்தைக்கு வரும். குறிப்பாக லேட்டன்ட் வகை, சின்ன வயதிலேயே மாறுகண் வந்த பிள்ளைகளிடம் அதிகம் தெரியும். எச்49 முதல் எச்52 வரையுள்ள தொகுதியின் தலையில் எச்55-க்கு எக்ஸ்க்ளூட்ஸ் 2 என்று போட்டிருக்கும். எக்ஸ்க்ளூட்ஸ் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். ஒன்று என்றால் சேராது, இரண்டு என்றால் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடு. அதே கதைதான் இன்டர்நியூக்ளியர் ஆஃப்தால்மோப்ளீஜியாவுக்கும் (இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப முடியாத நரம்புக் கோளாறு), அது எச்51.2 தொகுதி. அதில் வெளிப்பக்கம் திரும்பும் கண் மட்டும் ஆடும். டாக்டர் 'டிசோசியேட்டட் நிஸ்டாக்மஸ்' என்று தனியாகவும் எழுதியிருந்தால் எச்55.04-ஐ யோசிக்கலாம்.

பிறவிக் கண்புரையால் பார்வை தெரியாமல் போய், அதனால் விழி ஆடத் தொடங்கியது என்று டாக்டர் தொடர்புபடுத்தி எழுதினால் எச்55.03-உம் கியூ12.0-உம். தொடர்பை எழுதுவது அவர் வேலை. குழந்தைக்குக் கண்புரையும் இருக்கிறது, விழியும் ஆடுகிறது, அப்படியானால் இதனால்தான் அது என்று நாமே முடிச்சுப் போடக் கூடாது.

ஆல்பினிசத்தில் (பிறவியிலேயே நிறமி குறைந்திருப்பது) ஆடிட்டர்களுக்குள்ளேயே சண்டை வரும். இ70.3 தொகுதி. விழி நடுக்கம் அந்த நோயோடு ஒட்டியே வருவதுதானே, தனியாக எதற்கு என்பது ஒரு கட்சி. டாக்டர் அசெஸ்மென்டில் தனி எண் கொடுத்து, அதற்கென்று ப்ரிசம் கண்ணாடியோ சிகிச்சைத் திட்டமோ எழுதியிருந்தால் நான் எச்55.01-ஐயும் போடுகிற கட்சி. உங்கள் டீமின் வழக்கத்தைக் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தால் கண் ஆடினால்

எல்லாம் பழகிய பிறகும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர். டாக்டர் எழுதுகிறார்: 'கேஸ்-எவோக்டு நிஸ்டாக்மஸ், ஃபெனிட்டாயினால், எழுதிக் கொடுத்தபடியே சாப்பிட்டிருக்கிறார்.' இது பக்கவிளைவு. வரிசை: முதலில் விளைவு எச்55.09, அடுத்து மருந்துக் கோடு டி42.0எக்ஸ்5ஏ, பிறகு வலிப்பின் கோடு.

அதே மனிதர் மறந்துபோய் ராத்திரி மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டு வந்தார் என்றால் அது பாய்சனிங், அதாவது தவறாக எடுத்த மருந்தின் நச்சு விளைவு. வரிசை தலைகீழ்: டி42.0எக்ஸ்1ஏ முதலில், எச்55.09 பிறகு. ஐந்து, ஒன்று என்று ஒரே ஒரு இலக்கம்தான் மாறுகிறது, கதையே மாறிவிடுகிறது. எழுதிக் கொடுத்தபடி எடுத்தாரா, தவறி எடுத்தாரா என்ற அந்த ஒரு வரியைச் சார்ட்டில் தேடாமல் டி42 பக்கம் போகாதீர்கள்.

நடுவில் நிற்கும் எக்ஸ் வெறும் இட நிரப்பி, அதை விட்டுவிட்டால் ஏழாவது எழுத்து ஆறாவது இடத்துக்கு நழுவிக் கோடு செல்லாமல் போகும். கடைசி ஏ-க்கு 'இனிஷியல் என்கவுன்டர்' என்று பெயர் இருப்பதால் முதல் விசிட் என்று நினைக்கிறார்கள். அந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை எத்தனையாவது விசிட்டாக இருந்தாலும் ஏ-தான்.

அக்டோபர் 1

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று வருஷா வருஷம் காத்திருப்போம், சில வருஷம் தள்ளிப் போகும். கோடு புத்தகம் அப்படித் தள்ளிப்போவதில்லை. அக்டோபர் 1 வந்தால் புதிய பதிப்பு. ஏப்ரல் 1-இலும் சில மாற்றங்கள் வரலாம். எந்தப் பதிப்பு என்பது சேவை நடந்த தேதியைப் பொறுத்தது, நீங்கள் கோடு போடும் தேதியை அல்ல. செப்டம்பர் 29 விசிட்டை அக்டோபர் 10-இல் பார்த்தாலும் பழைய பதிப்புதான்.

எச்55.82 இப்படி 2020 அக்டோபர் 1-இல் வந்த கோடு. அதே சமயம் எச்55.81-இன் பெயரிலும் 'குறைபாடு' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அதற்கு முன் 'சக்காடிக் விழி அசைவுகள்' என்று மட்டும் இருந்தது. சக்காட் எல்லாருக்கும் இருப்பதுதானே, அதை எப்படி நோய் என்பது? வேடிக்கை என்னவென்றால், பழைய ஐசிடி-9-சிஎம்-இல் இரண்டும் 379.57, 379.58 என்று தனித்தனியாகவே இருந்தன. புதுப் புத்தகம் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஐந்து வருஷம் கழித்து மீட்டது. நரம்பு சார்ட் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸுக்கு வெறும் ஜி35 போட்ட காலம் 2025 அக்டோபர் 1-ஓடு முடிந்தது, இப்போது அதற்கும் கீழே பிரிவுகள் உண்டு. மனப்பாடக் கோடுதான் முதலில் கெட்டுப்போகும் கோடு.

கோடு பட்டியலும் வழிகாட்டு நெறிகளும் அமெரிக்க அரசின் சிடிசி, சிஎம்எஸ் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதை ஜெராக்ஸ் போட்டு 'மெட்டீரியல்' என்று கொடுத்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் இடங்களை நான் அறிவேன். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அனுபவம் இல்லாமல் எழுதினால் பெயருக்குப் பின்னால் 'ஏ' என்று அப்ரெண்டிஸ் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குவெரி எழுதும்போது

எல்லாம் பார்த்தும் வகை தெரியவில்லை, ஆனால் சார்ட்டில் வாசனை அடிக்கிறது என்று ஒரு நிலை வரும். வலங்கைமான் பெண்ணும் அங்கேதான் வந்து நின்றாள். மூன்று வயதுப் பிள்ளை, மாறுகண், இடது கண்ணை மூடியபோது விழி ஆடியது என்று பரிசோதனையில் இருக்கிறது, அசெஸ்மென்டில் வெறும் 'நிஸ்டாக்மஸ்'. அவள் சார்ட்டை அனுப்பவில்லை, அனுப்பவும் கூடாது. வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போனால் வேலை போகும். பெயர், தேதி எதுவும் இல்லாமல் வாயால்தான் சொன்னாள்.

"அப்ப லேட்டன்ட்தானே அக்கா? .02 போட்டுடவா?"

லேட்டன்ட்டாகவே இருக்கலாம். சொல்ல வேண்டியவர் டாக்டர். குவெரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் ஒரு கேள்வி, போடச் சொன்னேன். 'இது லேட்டன்ட் நிஸ்டாக்மஸா?' என்று அவள் எழுதிக் காட்டினாள். அப்படிக் கேட்பது பதிலை வாயில் ஊட்டுவது, குவெரியையே ஆடிட்டில் வெட்டுவார்கள். 'பரிசோதனையில் இடது கண்ணை மூடியபோது விழி அசைவு பதிவாகியுள்ளது. அசெஸ்மென்டில் நிஸ்டாக்மஸ் என்று உள்ளது. வகை தெரிந்திருந்தால் குறிப்பிடவும்: பிறவி, லேட்டன்ட், பார்வைக் குறைவால், வேறு, தீர்மானிக்க இயலவில்லை' என்று மாற்றினோம். சார்ட்டை ஹோல்டில் போட்டு, லாக்கில் குவெரி போன தேதியைக் குறித்துவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகச் சொன்னேன். உங்கள் கிளையண்ட் கொடுத்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் எச்55.00, குவெரி எண்ணை நோட்ஸில் எழுதி. அந்த .00-ஐ எந்த ஆடிட்டராலும் வெட்ட முடியாது.